காதை நனைத்த கரடி

ஒரு காட்டில், மழை எட்டிப் பார்த்தே மூன்று மாதமாகியிருந்த ஒரு கோடையில், சடையன் என்ற கரடி தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனது. ஓடை எங்கே இருந்தது? மணலும் கூழாங்கல்லும்தான் கிடந்தன. கடைசியாக மிஞ்சிய ஒரு சின்னக் குட்டையில் ஒன்பது கெண்டைக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து துடித்துக்கொண்டிருந்தன.

சடையனுக்குத் தாகம் மறந்துபோயிற்று.

குழந்தைகளே, சடையனைப் பற்றி இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்க்கத்தான் அது பயங்கரம். யாராவது அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழும். யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால் உடனே நம்பிவிடும். முதல் குணத்தால் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

காட்டோரத்தில் பாழடைந்த பங்களா ஒன்று இருந்தது. அங்கே யாரோ விட்டுப்போன கண்ணாடித் தொட்டியையும் ஒரு தகர வாளியையும் ஒரு பெரிய மண்சட்டியையும் சடையன் தன் குகைக்குத் தூக்கி வந்தது. தொட்டியின் அடியில் ஓடைக் கூழாங்கற்களைப் பரப்பி, குட்டைத் தண்ணீரையே மொண்டு ஊற்றியது. ஒரு பிடி பாசிக்கொடியும் அதில் ஒட்டியபடி ஒரு நத்தையும் கூடவே வந்து சேர்ந்தன. பிறகு ஒன்பது மீன்களையும் விட்டது. அவற்றில் ஆகச் சிறியவளுக்கு வாலருகே கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. அவள் பெயரே புள்ளி.

"பயப்படாதீங்க கண்ணுங்களா," என்றது சடையன். "மழை வந்து ஓடையில தண்ணி ஓடட்டும். ஒம்பது பேரையும் நானே கொண்டுபோய் விடுறேன். இது சத்தியம்."

மீன்கள் வாயைத் திறந்து ஏதோ சொல்லின. சடையனுக்குக் கேட்கவில்லை. நீருக்குள் பேசுவது நீருக்குள்தான் கேட்கும்.

பத்து நாட்கள் நன்றாகவே போயின. தண்ணீர் லேசாகப் பச்சை பூத்தது. கற்களில் வழுவழுப்பு ஏறியது. சடையன் காலையில் ஏழெட்டுக் கரையான்களைத் தூவும். மீன்கள் தின்னும். மிச்சத்தை நத்தை தின்னும். சடையன் தொட்டிக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துகொண்டு பொழுது போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

பதினோராம் நாள் குகை வாசலில் ஒரு கொக்கு வந்து நின்றது. பெயர் வெள்ளையப்பர். ஓடை வற்றியதிலிருந்து அவருக்கு நல்ல சாப்பாடு இல்லை. தொட்டியைப் பார்த்ததும் நாக்கில் நீர் ஊறியது. ஆனால் தொட்டியை ஒட்டிக் கரடி உட்கார்ந்திருந்தது. கரடியின் நகம் ஒவ்வொன்றும் அவருடைய அலகு நீளம் இருந்தது.

வெள்ளையப்பர் ஒற்றைக்காலில் நின்று யோசித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"தம்பி சடையா, இது என்ன தொட்டியா, சாக்கடையா?"

சடையனுக்குச் சுருக்கென்றது. "ஏங்க அப்படிக் கேக்குறீங்க?"

"தண்ணியெல்லாம் பச்சை. கல்லெல்லாம் வழுவழுன்னு அழுக்கு. போதாததுக்கு ஒரு நத்தை வேற எச்சில் வடிச்சுக்கிட்டுத் திரியுது. புள்ளைங்களை வளர்க்கிற இடமா இது?"

"எனக்குத் தெரியாதுங்களே. இப்ப என்ன செய்யணும்?"

"என்னைக் கேளு. மீன்களோட பழகுறதுல எங்க குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையா அனுபவம்," என்றார் வெள்ளையப்பர். அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

அவர் சொல்லச் சொல்லச் சடையன் செய்தது. மீன்களைப் பிடித்துக் கொஞ்சம் தண்ணீரோடு குகைக்குள் ஒரு பாறைக் குழியில் விட்டது. பாசிக்கொடியையும் நத்தையையும் அடியில் தேங்கிய கசடையும் பழைய தண்ணீரோடு அள்ளி, எறிவதற்காக மண்சட்டியில் போட்டது. மீதித் தண்ணீரைக் குகைக்கு வெளியே கொட்டியது. கற்களை மணல் போட்டுப் பளபளவென்று தேய்த்தது. மலை மேலே, பாறை இடுக்கில் ஜில்லென்று ஒரு சுனை சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நான்கு முறை வாளியோடு ஏறி இறங்கித் தொட்டியை நிரப்பியது.

"மீன் மேலேயும் பிசுபிசுன்னு இருக்கு பார். காஞ்ச இலையால அழுத்தித் துடைச்சு விடு," என்றார் வெள்ளையப்பர்.

சடையன் ஒவ்வொன்றாகத் துடைத்து விட்டது. விட்டுக்கொண்டே எண்ணியது. எட்டுதான் வந்தது.

"புள்ளியைக் காணோமே! வெள்ளையப்பரே, நீங்க..."

"நானா? என் அலகு மேல ஆணை, நான் தொடவே இல்லை!"

அன்று முழுவதும் அவர் சொன்ன இரண்டாவது உண்மை அதுதான்.

சடையன் குகை முழுக்கத் தேடியது. கிடைக்காமல் மூலையில் உட்கார்ந்து அழுதது. மலை ஏறி இறங்கிய அலுப்பில், வாசல் நிழலில் வைத்த மண்சட்டியை எறிய மறந்தே போயிற்று.

மறுநாள் காலையில் இரண்டு மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

"ஐயோ, என்னாச்சு இதுங்களுக்கு?"

"பழைய அழுக்கு உள்ளே போயிருக்கு. நீ லேட்டா சுத்தம் பண்ணிட்டே," என்றார் வெள்ளையப்பர். "இனிமே தினமும் முழுத் தண்ணியையும் மாத்து. கல்லைத் தேய். செத்ததுங்களை என்கிட்டக் கொடு, நல்ல இடமாப் பார்த்து அடக்கம் பண்ணிடறேன்."

எந்த இடத்தில் அடக்கம் செய்தார் என்று உங்களுக்கே தெரியும்.

பாவம் சடையன்! விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையேறும். பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. தேன் தேடவும் போகவில்லை. தண்ணீர் கண்ணாடியைவிடத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவில் மீன்களின் மினுமினுப்பு மங்கிக்கொண்டே வந்தது.

"வெள்ளையப்பரே, எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்குதுங்களே, எதுக்கு?"

"அதுவா? உன்னைப் புகழ்ந்து பாட்டுப் பாடுதுங்க."

சடையன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்துகொண்டது. நான்கு நாட்களில் இன்னும் மூன்று போயின. மிஞ்சியவை மூன்று.

வெள்ளையப்பருக்கு நாளுக்கு ஒன்று என்பதே போதவில்லை. ஆசை யாரை விட்டது? ஆறாம் நாள் அலகில் ஒரு கொத்துப் பூந்திக்கொட்டையோடு வந்தார். தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் குபுகுபுவென்று நுரை வருமே, அந்தக் கொட்டைதான்.

"இதைக் கரைச்சுத் தொட்டிக்குள்ள ஊத்திடு தம்பி. மீன், கல், கண்ணாடி எல்லாம் ஒரே நேரத்துல சுத்தமாயிடும். அப்புறம் உனக்கு வேலையே இருக்காது."

"இந்த மூணாவது பொழைக்குமா?"

"நான் இருக்கேன்ல? நீ ஊறவை, ஒரு சுத்து போய்ட்டு வரேன்," என்று வெள்ளையப்பர் பறந்து போனார்.

ஊறவைக்க ஒரு பாத்திரம் வேண்டுமே! வாளியில் மறுநாளைக்கான சுனைத் தண்ணீர் இருந்தது. சடையன் சுற்றுமுற்றும் பார்த்தது. வாசலில் மண்சட்டி கண்ணில் பட்டது. உள்ளே கரும்பச்சையாகத் தண்ணீர். கவிழ்க்கப் போகும்போது அதற்குள் என்னவோ பளிச்சென்று புரண்டது.

என்ன என்று பார்க்கச் சடையன் முகத்தைத் தாழ்த்தியது. இன்னும் தாழ்த்தியது. காது தண்ணீருக்குள் போய்விட்டது.

"கரடியண்ணே! கொட்டிடாதீங்க!"

புள்ளியின் குரல்! சடையன் சட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"கண்ணு! நீ உயிரோடயா இருக்கே? இந்த அழுக்குலயா?"

"நீங்க எங்களைப் பிடிக்கையில பயந்துபோய்ப் பாசிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். பாசியோட சேர்த்து என்னையும் இதுல போட்டுட்டீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். பாருங்க, ஒரு சுத்து பெருத்துக்கூட இருக்கேன். மத்தவங்கல்லாம் எப்படி இருக்காங்க?"

சடையன் தொட்டிப் பக்கம் கண்ணைத் திருப்பியது.

"மூணு பேர்தான் கண்ணு இருக்காங்க. மேலே வந்து வாயைத் திறந்து பாடிக்கிட்டு..."

"பாட்டா?" புள்ளி பதறினாள். "மூச்சு முட்டினாத்தான் அண்ணே நாங்க மேலே வருவோம்!"

சட்டியின் ஓரத்திலிருந்து இன்னொரு குரல் வெடுக்கென்று வந்தது. அது நத்தை. ஐந்து நாட்களாகச் சேர்த்துவைத்த கோபம் அதற்கு.

"அழுக்கு அழுக்குன்னு தூக்கிப் போட்டீங்களே! மீனுங்க கழிக்கிறது விஷம். கல்லுல படிஞ்ச அந்த வழுவழுப்புத்தான் அந்த விஷத்தைத் தின்னு தீர்த்துச்சு. அதைத் தேய்ச்சுக் கழுவிட்டீங்க. மீன் உடம்புல இருக்கிற பிசுபிசுப்பு அதோட சட்டை. அதையும் உரிச்சுட்டீங்க. வெதுவெதுப்புல இருந்ததுங்களை ஜில்லுன்னு சுனைத் தண்ணியில போட்டுட்டீங்க. வேற என்ன பாக்கி?"

"பூந்திக்கொட்டை," என்றது சடையன் மெல்ல.

புள்ளி வீறிட்டாள். "அந்த நுரை பட்டா எங்க செவுள் வெந்து ஒரு நொடியில எல்லாரும் செத்துடுவோம் அண்ணே!"

சடையன் காதைத் தண்ணீரிலிருந்து எடுத்தது. காதிலிருந்து சொட்டியதா, கண்ணிலிருந்து சொட்டியதா, எனக்குத் தெரியாது.

அது வாளித் தண்ணீரில் பூந்திக்கொட்டையைப் போட்டுக் கசக்கியது. நுரை பொங்கியது. வெள்ளையப்பர் ஆவலாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஊத்தப் போறியா தம்பி?"

"முதல்ல உங்களுக்குத்தான்," என்று சடையன் அவர் இரண்டு கால்களையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டது. "எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்க! இறகெல்லாம் ஒரே பிசுக்கு. நல்லாத் தேய்ச்சுக் கழுவி விடறேன்."

"வேண்டாம், விடு! அது பிசுக்கு இல்லை, எண்ணெய்! அது போச்சுன்னா இறகு ஊறிப்போய் நான் நடுங்கியே செத்துப்போவேன்!"

"அப்படியா? உடம்பு மேல இருக்கிற பிசுபிசுப்புல உசிரு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்!"

வெள்ளையப்பர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பசி தம்பி," என்றார்.

சடையன் அவரை நிமிர்த்திப் பார்த்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பசி என்னவோ நிஜம்தான்.

"பசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மேற்கால இருக்கிற கரையான் புத்தை உடைச்சுக் கொடுத்திருப்பேனே. அஞ்சு குழந்தைங்களை என் கையாலயே கொல்ல வெச்சுட்டீங்களே!" என்று சொல்லிக் கையைத் தளர்த்தியது. வெள்ளையப்பர் திரும்பிப் பார்க்காமல் பறந்துபோனார்.

நுரைத் தண்ணீரைச் சடையன் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டியது. ஓடி வந்து சட்டியை அப்படியே தொட்டிக்குள் கவிழ்க்கப் போனது. நத்தை போட்ட சத்தத்தில் சட்டித் தண்ணீரே தளும்பியது. சடையன் மறுபடியும் காதை நனைத்தது.

"மெதுவா! திடீர்னு மாத்தினா அதுவும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க!"

சடையன் தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்தது. உள்ளங்கையால் மொண்டு, பொழுது சாயும் வரை, சட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பாசிக்கொடியையும், கசடையும், நத்தையையும், கடைசியாகப் புள்ளியையும் விட்டது. மூன்று மீன்களும் பாசிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. மூன்றாம் நாள் அவை மேலே வருவதை நிறுத்தின. ஐந்தாம் நாள் கரையான் கேட்டன.

கேட்டன என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? இப்போது சடையன் தினமும் காலையில் ஒரு காதைத் தொட்டியில் நனைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தது. தண்ணீர் கெட்டால் நாலில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, ஒருநாள் நிழலில் வைத்து ஜில்லிப்பு விட்ட தண்ணீரை ஊற்றியது. கற்களைத் தொடவே இல்லை.

நாற்பது நாள் கழித்து மழை கொட்டியது. ஓடை சலசலவென்று ஓடியது. சடையன் நான்கு மீன்களையும் நத்தையையும் தொட்டித் தண்ணீரோடு மண்சட்டியில் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. உடனே விட்டுவிடவில்லை. சட்டியை ஓடைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கையாக ஓடைத் தண்ணீரைச் சேர்த்தது. மழை அதன் முதுகில் அடித்தது. கை மரத்தது. நகரவில்லை.

கடைசியில் காதை நனைத்துக் கேட்டது. "இப்ப விடட்டுமா கண்ணுங்களா?"

"விடலாம் அண்ணே," என்றன நான்கும்.

சடையன் விடாமல் நின்றது. "ஒம்பது பேருக்குச் சத்தியம் பண்ணினேன். நாலு பேரைத்தான் கொண்டுவந்திருக்கேன்."

புள்ளி சட்டியின் விளிம்புக்கு, அதன் காதுக்கு மிக அருகில் வந்தாள்.

"உங்க பாதம் வெடிச்சதை இவங்கல்லாம் கண்ணாடி வழியாப் பார்த்தாங்க அண்ணே. செத்துப்போனவங்களும் பார்த்தாங்க. உங்க மேல யாருக்கும் கோபமில்லை. ஆனா அன்னிக்கே ஒரு தடவை காதை நனைச்சிருக்கலாம்."

சடையன் தலையாட்டியது. சட்டியை மெல்லச் சாய்த்தது. வாலருகே கறுப்புப் பொட்டு ஒருமுறை தெரிந்து தண்ணீருக்குள் மறைந்தது.

நீதி: ஓர் உயிரைக் காக்க விரும்பினால், அதற்கு என்ன வேண்டும் என்று அந்த உயிரிடமே முதலில் கேள்.