கிடாயின் அட்டிகை

ஓணாங்குளத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். சங்கையா, மொக்கையன், கருத்தபாண்டி. மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள்; அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு. மூத்தவன் என்பதால் பெரும்பாலும் தன்னிடம்தான் இருக்கிறது என்று சங்கையா நம்பினான்.

அவர்கள் வீட்டில் ஒரு கெம்புக்கல் அட்டிகை இருந்தது. சாபம் பிடித்தது. வைத்திருந்தவர் ஒருவரும் உருப்பட்டதில்லை. பூட்டன் அதைப் போட்டுக்கொண்டு அழகு பார்க்கக் கிணற்றுக்குள் குனிந்தார். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் குனிந்தார். தாத்தா அதை வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்து, பிறகு தேடி எடுக்கத் தீப்பந்தத்தோடு உள்ளே போனார். அப்பா அதை மடியில் முடிந்துகொண்டு பனையேறி, உச்சிக்குப் போனதும் பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். எல்லாம் அட்டிகையின் வேலை. சங்கையாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

இப்போது தங்கை ஒச்சம்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தவமணியை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவன் அப்பா முத்துக்கருப்பனுக்கு அட்டிகையை ரொம்பப் பிடித்திருந்தது. "அட்டிகை கழுத்துல ஏறினாத்தான் தாலி ஏறும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சங்கையா ஜோசியரிடம் ஓடினான்.

"சாபம் உடைமைக்காரனைத்தான் பிடிக்கும். யாருக்காச்சும் தானமாக் கொடுத்துடு. கல்யாணத்தன்னைக்கு அவங்ககிட்டயே இரவல் வாங்கிப் போட்டுக்க," என்றார் ஜோசியர்.

ஊரில் ஒருவரும் கை நீட்டவில்லை. மூவரும் தொழுவத்தில் கூடி யோசித்தார்கள். அங்கே கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இவரு மட்டும்தாண்ணே வேண்டாம்னு சொல்லல," என்றான் கருத்தபாண்டி.

அன்றைக்கே தாரை வார்த்து, அட்டிகையைக் கிடாயின் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று கிடாயை மணவறைக்கே அழைத்துவந்தார்கள். கிடாயிடம் உத்தரவு கேட்கும் முறை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். அதற்கப்புறம்தான் அரிவாள்.

சங்கையா தண்ணீர் தெளித்தான். "ஐயா, தங்கச்சிக்கு அட்டிகையை இரவல் கொடுக்கணும்."

கிடாய் வாழைமரத்தின் இலையைக் கடித்தது.

"நீ கேட்ட விதம் சரியில்லண்ணே. இரவலுக்கு வந்தவன் பல்லைக் காட்ட வேணாமா?" என்றான் மொக்கையன்.

மூவரும் பல்லைக் காட்டினார்கள். கிடாயும் காட்டியது.

"எப்பத் திருப்பித் தருவீங்கன்னு நினைக்குதோ என்னவோ," என்றான் கருத்தபாண்டி.

"சாயங்காலமே தந்துடுறோம்யா," என்று சங்கையா ஒரு குடம் தண்ணீரை அப்படியே ஊற்றினான். கிடாய் கல்லாக நின்றது.

"குளிச்சிட்டிருக்கும்போது கேட்டா எவன் பதில் சொல்லுவான்?" என்று மொக்கையன் தலையில் அடித்துக்கொண்டான்.

முத்துக்கருப்பன் எழுந்துவிட்டார். "முகூர்த்தம் முடியப்போகுது! கழுத்துலருந்து கழட்டுங்கய்யா அதை!"

சங்கையா பதறிப்போனான். "அடுத்தவங்க நகையில கை வைக்கிற குடும்பம் இல்ல மாமா எங்களுது."

"அப்ப எந்திரிடா தவமணி. கிளம்பு!"

தவமணி ஒச்சம்மாவைப் பார்த்தான். ஒச்சம்மா அண்ணனைப் பார்த்தாள். "தள்ளுண்ணே," என்று எழுந்து வந்தாள். தன் சடை நுனியை எடுத்துக் கிடாயின் காதுக்குள் விட்டு ஒரு குடை குடைந்தாள்.

கிடாய் கொம்பிலிருந்து வால்வரை சிலுப்பிய சிலுப்பில் முன்வரிசை முழுக்க நனைந்தது. குலவை எழுந்தது. அட்டிகை ஒச்சம்மா கழுத்துக்கு ஏறியது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் இவர்கள் வேறு எதனிடமாவது உத்தரவு கேட்பார்கள் என்று பயந்து, தவமணி மூன்று முடிச்சுக்கு நான்காகவே போட்டுவிட்டான்.

சங்கையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குள் மொக்கையன் அரிவாளோடு வந்து நின்றான்.

"என்னடா?"

"உத்தரவு கொடுத்த கிடாயை வெட்டாம விட்டா சாமி குத்தமாயிடும்ணே."

"வெட்டினா நகை அவரு வாரிசுங்களுக்குப் போயிடுமேடா! நாளைக்கு ஒரு குட்டி வந்து தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னா?"

"எத்தனை வாரிசு?"

சங்கையா விரல் விட்டுப் பார்த்தான். ஊரில் பாதிக் குட்டிகள் அந்தக் கிடாயின் சாடையில்தான் இருந்தன. "முப்பத்தெட்டு. எல்லாத்தையும் பத்திட்டு வாங்கடா. ஆளுக்கொரு சிலுப்பு வாங்கிட்டு அப்புறம் அரிவாளைத் தூக்கலாம்."

பொண்ணு மாப்பிள்ளை வேனில் ஏறி உட்கார்ந்திருக்க, பந்தலுக்குள் முப்பத்தெட்டுக் குட்டிகள் நுழைந்தன. சங்கையா குடம் குடமாக வீசினான். மொக்கையன் குட்டிகளைப் பிடித்தான். கருத்தபாண்டி ஒவ்வொரு சிலுப்புக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டான். வேனுக்கு வழி கேட்டுக் கத்திக்கொண்டு குறுக்கே வந்த முத்துக்கருப்பன் மேல் ஒரு குடம் முழுசாக விழுந்தது. குளிர் தாங்காமல் அவர் தலையோடு தோளையும் சேர்த்து உதறினார்.

கடைசியில் கருத்தபாண்டி கோடுகளை எண்ணினான். "முப்பத்தொன்பதுண்ணே."

"முப்பத்தெட்டுதானேடா?"

"மாமாவும் சிலுப்பினாரே."

சங்கையா நீண்ட நேரம் யோசித்தான். அன்றைக்கு மூளை நிச்சயமாக அவனிடம்தான் இருந்தது.

"அப்ப மாப்பிள்ளை நம்ம கிடாய்க்குப் பேரனாடா?" அவன் கண் கலங்கிவிட்டது. "பரவாயில்லடா. நகைநட்டு உள்ள குடும்பத்துலதான் தங்கச்சியக் கொடுத்திருக்கோம்."