கழுத்தில்லாத இருநூறு ஜப்லா

மடியில் ஒரு கட்டு பனியனைப் போட்டுக்கொண்டு பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை கைக்குத்தான், வாய் சும்மாதானே இருக்கிறது. இந்தக் கட்டு முடிந்து, அடுப்பில் பருப்பு வெந்து அத்தை கூப்பிடுவதற்குள் பொங்கியண்ணன் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பேரை மட்டும் கேட்காதீங்க. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். வழி தெரியாமல் வேறு ஊருக்குப் போய் அங்கே சண்டை போடுவார்கள். பாவம், அந்த ஊர் என்ன பண்ணும்?

பொங்கியண்ணனுக்கு ராக்கியப்பன், நாச்சிமுத்து என்று இரண்டு தம்பிகள். மூன்று பேருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் தையல் வேலை. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் இருந்த கெட்ட பழக்கம்.

கம்பெனிக்குக் கூரைத் தகரம் மாற்ற வேண்டி வந்தது. முதலாளி ராசப்பன் மூன்று தையல் மிஷினையும் வேனில் ஏற்றிவந்து பொங்கியண்ணன் வீட்டு முன்னறையில் இறக்கினார். கூடவே கைக்குழந்தைக்குப் போடுகிற ஜப்லாவுக்கு வெட்டிய துணி, கட்டுக் கட்டாக.

"இங்க பாருங்கப்பா, வீட்ல உக்காந்து தெச்சாலும் கம்பெனி கம்பெனிதான். அங்க என்ன ரூலோ அதேதான் இங்கயும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் வரும். இருநூறு ஜப்லா ரெடியா இருக்கோணும். இல்லீன்னா மூணு மிஷினையும் ஏத்தீட்டுப் போயிருவேன். அப்புறம் மூணு பேரும் மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"ஆகட்டுங்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பொங்கியண்ணன் மனைவி தெய்வாத்தாள் நூல் மில்லுக்குப் போகிறவள். விடிய ஆறு மணிக்கெல்லாம் மில் வேன் வந்து நிற்கும். மறுநாள் வியாழக்கிழமையும் வாசலில் ஹாரன் அடிக்க, அவள் செருப்பை மாட்டிக்கொண்டே பொங்கியண்ணனிடம் சொன்னாள்:

"ஏனுங் மாமா, புள்ளைங்க ரெண்டையும் கண்ணு மறைய விட்றாதீங்க. தம்பி எதுக்கு அழுகறான்னு மகிழினிக்குத் தெரியும், அவளைக் கேட்டுக்குங்க. மிஷின் போச்சுன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேன், ஆமா."

மகிழினிக்கு மூன்று வயது. தம்பி ரித்விக்குக்குப் பத்து மாதம்.

ஏழே முக்கால் ஆனதும் பொங்கியண்ணன் பதறினார். "டேய், பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்புங்க."

"வேலை இங்கதானுங்களே அண்ணா?" என்றான் நாச்சிமுத்து.

"வேலை இங்கதான். ரூலு என்ன? எட்டரைக்கு வேலைக்கு வந்து சேரோணும். வீட்லயே இருக்கறவன் எப்படிடா வந்து சேருவான்?"

அது நியாயம்தானே? மூன்று பேரும் சோத்து டப்பாவை எடுத்துக்கொண்டு, குழந்தைகளைக் கண் மறைய விடக் கூடாதே என்று இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கம்பெனி நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினார்கள். அதே பஸ்தான், திரும்பி வந்தது.

"இப்பத்தான இறங்குனீங்க? எங்க போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"வேலைக்குங்."

"அப்ப எங்கிருந்து வர்றீங்க?"

"வீட்ல இருந்துங்" என்றார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சரியாக எட்டு இருபத்தெட்டுக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே கால் வைக்கப்போன பொங்கியண்ணனை ராக்கியப்பன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணா, கம்பெனி கேட்ல என்ன போர்டு மாட்டியிருக்குது? வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. புள்ளைங்களை எப்படி உள்ள கொண்டுபோறது?"

"நான் பெத்த புள்ளைங்கடா!"

"பெத்தது வீட்லீங். இது கம்பெனி."

பொங்கியண்ணன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வழி இருக்குதுங்" என்றான் நாச்சிமுத்து. "ரெண்டு பேரையும் வேலைக்குச் சேத்துக்கலாம்."

"பதினெட்டு வயசுக்குக் கீழ ஆள் எடுக்கக் கூடாது. அதுக்கும் ஒரு போர்டு இருக்குது" என்றான் ராக்கியப்பன்.

"தம்பிக்கு வயசே ஆகலீங்களே. பத்து மாசம்தானுங்?"

இதை ரொம்ப நேரம் யோசித்தார்கள். வயசே ஆகாதவன் பதினெட்டுக்குக் கீழா, மேலா என்று முடிவுக்கு வரவில்லை. வெயில் ஏறியது. ரித்விக் பெரிய சித்தப்பன் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தான். ராக்கியப்பன் அவனையே உற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அண்ணா, நம்ம கம்பெனிக்குள்ள போர்டைப் பாக்காம உள்ள வர்றது யாரு?"

"பையர்."

வெளிநாட்டிலிருந்து வந்து துணிக்கு ஆர்டர் கொடுக்கிறாரே, அவரைத்தான் எங்கள் பக்கம் பையர் என்போம்.

"பையர் எப்படி இருப்பாரு?"

"செவச்செவன்னு இருப்பாரு. தலைமுடி கம்மி."

"நம்ம பேச்சு அவருக்குப் புரியுமா?"

"புரியாது. அவரு பேசறதும் நமக்குப் புரியாது."

"காரம் சாப்புடுவாரா?"

"ஊகூம். தண்ணிகூடக் கொதிக்க வெச்சு ஆத்துனதுதான்."

"துணியைக் குடுத்தா என்ன பண்ணுவாரு?"

"இழுத்து இழுத்துப் பாப்பாரு." பொங்கியண்ணன் சட்டென்று எழுந்து நின்று மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "அட சாமி! பையரை இவ்வளவு நேரமா வெயில்ல நிக்க வெச்சுட்டமே!"

மகிழினி யார் என்பதில் சிக்கலே இல்லை. பையர் பேசுவதை நமக்குச் சொல்வதற்கு ஆபீசிலிருந்து ஒரு பொண்ணு கூட வருமே, அதுதான்.

இரண்டு பேரையும் வணக்கம் சொல்லி உள்ளே கூட்டிப்போனார்கள். பையருக்குப் பாய் விரித்து மேசை ஃபேன் போட்டார்கள். பையர் பாயை விட்டுத் தவழ்ந்துபோய், வெட்டிய துணிக்கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிக்கச் சொல்லுங்ணா, துணி எடுக்கோணும்" என்றான் நாச்சிமுத்து.

"பையரை எந்திரின்னு சொல்றதாடா? ஆர்டர் கேன்சல் ஆயிரும்."

காத்திருந்தார்கள். பதினொன்றரைக்கு அவராக எழுந்திருந்தார். எழுந்ததும் அந்தத் துணிகள் நனைந்திருப்பது தெரிந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது என்னங்ணா?"

பொங்கியண்ணன் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாயம் போகுதான்னு பாத்திருக்காரு. போகல. பாஸ்."

பையர் தூங்கப்போனார். இப்போது தைக்கலாம் என்று மிஷினைப் போடப்போனால், மகிழினி உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போட்டா தம்பி எந்திரிச்சிருவான்" என்றாள். என்ன செய்வது? முழித்திருந்தால் யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும், தைக்க முடியாது. தூங்கினால் சத்தம் போடக் கூடாது, தைக்க முடியாது.

"கரண்டை நிறுத்தீட்டுத் தெச்சா சத்தம் வராதுங்" என்றான் நாச்சிமுத்து.

அப்படியே செய்தார்கள். சுவிட்சை அணைத்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்து, துணியை ஊசிக்கு அடியில் வைத்து, மிதியை மிதித்து, அலுங்காமல் குலுங்காமல் இரண்டு மணி நேரம் தைத்தார்கள். ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. ஒரு தையலும் விழவில்லை.

"வீட்ல இருந்து வேலை செய்யறது இவ்வளவு கஷ்டம்னு நெனைக்கவே இல்லைடா" என்று பொங்கியண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வியாழன் முடிந்தது. ஒரு ஜப்லாகூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போய்த் திரும்பி வந்ததும், முதல் வேலையாக ஒரே ஒரு ஜப்லா தைத்தார்கள். பையர் ஒரு பீஸைப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதானே மற்றதைத் தைக்க வேண்டும்? அதுதான் ரூலு. இரண்டு கையிலும் ஏந்தி அவரிடம் நீட்டினார்கள். அவர் வாயில் வைத்துக் கடித்தார். துணி கிழியவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். போட்டுப் பார்க்கலாம் என்று தலை வழியே மாட்டினார்கள். காதுக்கு மேலே சிக்கிக்கொண்டது. பையர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரையேறிவிட்டது.

கழற்றிவிட்டு, மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு மகிழினி முன்னால் நின்றார்கள். "என்ன சொல்றாருங் அம்மணி?"

"தம்பிக்குக் கழுத்து பிடிக்கல" என்றாள் மகிழினி. "தம்பிக்கு ஐஸும் வேணுமாம்."

ஐஸ் வாங்கி வந்தார்கள். சளி பிடிக்கும் என்று பையருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவருக்குப் பதிலாக மகிழினியே சாப்பிட்டாள். பிறகு கூடிப் பேசினார்கள்.

"கழுத்து இல்லாம எப்படிங்ணா போடுவாங்க?"

"போடறது அவங்க பாடு. தெக்கறது நம்ம பாடு. பையர் கழுத்து வேண்டாம்னுட்டாரு. கழுத்து கேன்சல்."

தைத்து வைத்திருந்த அந்த ஒரு ஜப்லாவிலும், மற்ற துணியிலும் கழுத்துக்காக வெட்டிவிட்டிருந்த இடத்தை ராக்கியப்பன் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் ஒரே இழுப்பில் மூடித் தைத்தான். மிஷின் தடதடவென்று ஓடியது. திரும்பிப் பார்த்தால், பையர் அந்தச் சத்தத்திலேயே கண் சொக்கித் தூங்கிவிட்டார்! ராக்கியப்பன் பயந்துபோய் மிஷினை நிறுத்தினான். பையர் முழித்துக்கொண்டு அழுதார். ஓட்டினான். தூங்கினார்.

அவ்வளவுதான். நிறுத்தினால் பையர் முழித்துக்கொள்வார் என்று பயந்து ஆள் மாற்றி ஆள் மிஷின் ஓட்டினார்கள். நாச்சிமுத்து ஒரு கையால் சோறு தின்றுகொண்டே தைத்தான். சனிக்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தால், இருநூறு. இழை பிசகாத தையல். ஒன்றில்கூடக் கழுத்து இல்லை.

ஆறு மணிக்கு வேன் வந்தது. ராசப்பன் மேலே இருந்த ஜப்லாவை எடுத்து விரித்தார். திருப்பினார். கையை உள்ளே விட்டுத் துழாவினார். இன்னொன்றை எடுத்தார். பத்துப் பதினைந்து பார்த்தபின் கேட்டார்.

"எங்கடா கழுத்து?"

"பையர் வேண்டாம்னுட்டாருங்" என்றார் பொங்கியண்ணன்.

"எந்தப் பையர்?"

மூன்று பேரும் பாயைக் காட்டினார்கள். ரித்விக் காலைத் தூக்கிக் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவிகளா! மூணு நாள் வேலையும் போச்சு, துணியும் போச்சு! டிரைவர், மிஷினை ஏத்து!"

பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தெய்வாத்தாள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே. இந்தச் சண்டை எதையும் கவனிக்காமல் மகிழினி தம்பிக்குப் புதுத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். தலை நுழையவில்லை. அதனால் ஜப்லாவைத் தலைகீழாகத் திருப்பி, சட்டைக் கை ஒன்றில் ஒரு காலையும் இன்னொன்றில் இன்னொரு காலையும் விட்டு, வயிற்றுவரை இழுத்து, ஒரு துண்டு நூலால் கட்டிவிட்டாள். ரித்விக் மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

ராசப்பன் அவனைப் பார்த்தார். முன்னால் போய்ப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார்.

"டவுசர்!" என்றார். "ஒரு எலாஸ்டிக் வெச்சா அச்சு அசல் டவுசர்!"

போட்டோ பிடித்து ஆபீசுக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. புது மாதிரியாக இருக்கிறதாம், அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ராசப்பன் முகமெல்லாம் சிரிப்பு. இருநூறையும் வேனில் ஏற்றச் சொல்லி, பொங்கியண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தார். "மிஷின் இங்கயே இருக்கட்டும். திங்கக்கிழமை வேற துணி அனுப்பறேன்."

வேனில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தால், அண்ணன் தம்பி மூன்று பேரும் முக்கி முனகி ஒரு மிஷினைத் தூக்கி வேனுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"இருநூறு ஜப்லா இல்லீன்னா மிஷினை ஏத்தீட்டுப் போவேன்னு சொன்னீங்களேங்."

"அதான் டவுசர் இருக்குதே!"

"டவுசர் இருக்குதுங். ஜப்லா இருக்குதுங்களா?" என்று கேட்ட பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுகூட இல்லீங். எங்களால உங்க பேச்சு கெட்டுப்போகக் கூடாதுங்."

ராசப்பனும் டிரைவரும் ஒரு மிஷினை இறக்கினார்கள். அதற்குள் இவர்கள் இன்னொன்றை ஏற்றினார்கள். அதை இறக்கினால் இறக்கினதை ஏற்றினார்கள். ஏழு மணி ஆயிற்று. எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. மில் வேன் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும் பொங்கியண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கையிலிருந்த மிஷினை விடவில்லை.

கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ராசப்பன் என்னதான் செய்வார்? கடைசியில் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்னறைக்குள் போய், ரித்விக் முன்னால் மண்டி போட்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், இவனுங்க என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறானுங்க. மிஷின் இங்கயா அங்கயான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லீருங்க சார்."

பையர் டவுசரோடு ஆடி ஆடி நின்று, என்னவோ நீளமாகச் சொன்னார். எல்லாரும் மகிழினியைப் பார்த்தார்கள். அவள் தம்பி வாயருகே காதை வைத்துக் கேட்டாள். நன்றாகத் தலையாட்டினாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, மிஷின் மூன்றையும் என்ன பண்ண வேண்டும் என்று பையர் சொல்கிறார் என்றால்… இதோ வந்துட்டேனுங் அத்தை, அடுப்பை நீங்க அமத்தாதீங்க, நானே வந்து அமத்தறேன்! மீதி அப்புறமாச் சொல்றேனுங்.