முப்பத்தெட்டாவது கூடு

“மேடம், பேர் ரெடி. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அனுப்பிடலாம்” என்றார் கலியபெருமாள்.

“எதுக்குப் பேரு?” என்றார் எஸ்தர் மேடம், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சீடருக்கு வயது ஐம்பத்துநாலு. குருவுக்கு முப்பத்தெட்டு.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஆராய்ச்சிப் பட்டம் வாங்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று எஸ்தர் மேடத்திடம் வந்து சேர்ந்தவர் கலியபெருமாள். இன்னும் ஆறு மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதில் போன செவ்வாய்க்கிழமை வரை ஒன்றுமே இல்லை.

செவ்வாய்க்கிழமை, சுரங்கத்திலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த களிமண்ணில் ஒரு கூடு கிடைத்தது.

பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் மிதந்த நுண்ணுயிர் ஒன்றின் சுண்ணாம்புக் கூடு. அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பக்கத்தில் ஓர் எறும்பு பெருமூச்சு விட்டால் போதும், அடுத்த தாலுகாவில் போய் விழும்.

சுருளாக ஏழு அறைகள். ஆறு ஒழுங்காக இருந்தன. ஏழாவது மட்டும், பந்தியில் அப்பளம் கிடைக்காத சம்பந்தி மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. புது இனம் என்றால், கண்டுபிடித்தவரே பேர் வைக்கலாம்.

சுரங்கத்து நண்பர்கள் அதற்குள் பிளெக்ஸ் பேனர் வைத்துவிட்டார்கள். அதில் கூடு யானை அளவுக்கு இருந்தது. பக்கத்தில் கலியபெருமாள், கொஞ்சம் சின்னதாக.

“இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா சார்?”

“இல்ல மேடம். அதுதானே விசேஷம்! உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு.”

“இது ஒண்ணுக்கு மட்டும் கழுத்து சுளுக்கியிருந்தா? அது எப்படிப் புது இனம் ஆகும்?”

“மேடம், பேரையாவது கேளுங்க…”

“பேர் அப்புறம்.”

இந்தத் தொழிலில் தூரிகை நுனியை நாக்கில் நனைத்துத்தான் கூட்டை எடுப்பார்கள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். மேடமும் நனைத்தார். தட்டைத் தொட்டார். தூரிகையை மறுபடி வாயில் வைத்தார். மேலே ஒரு மடக்கு டீ குடித்தார்.

“மேடம்!”

“அடடா” என்றார் மேடம், நிதானமாக.

கலியபெருமாள் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“போட்டோ இருக்கு மேடம். போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.”

“பேரை போட்டோ மேலயா ஒட்டுவீங்க? அந்தக் களிமண் இன்னும் எவ்வளவு இருக்கு?”

“ஒரு மூட்டை.”

“அப்ப தேடுங்க.”

“கிடைக்கலைன்னா?”

“பேனரை இறக்கிடலாம்.”

கலியபெருமாள் மூட்டையைப் பிரித்தார். களிமண்ணைக் கரைத்தார், சலித்தார், காயவைத்தார், குனிந்தார். ஐந்து மாதம் நிமிரவில்லை. கடைசியில் அவர் கண் எப்படி ஆகிவிட்டது என்றால், எதிரே வருகிற பஸ் தெரியாது. பஸ் கண்ணாடியில் உள்ள தூசி எந்தக் கடலிலிருந்து வந்தது என்று சொல்வார். சத்தியம்.

ஐந்தாம் மாதக் கடைசியில் வந்து நின்றார்.

“முப்பத்தேழு மேடம்.”

மேடம் பார்த்தார். முப்பத்தேழு சம்பந்திகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

“இப்பவாவது பேரைச் சொல்லட்டுமா?”

“முதல்ல டீ வாங்கிட்டு வாங்க சார்.”

அவர் திரும்பி வந்தபோது, கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருந்த கூடுகளெல்லாம் ஒரே கறுப்புத் தட்டில் கொட்டிக் கிடந்தன.

“எண்ணுங்க.”

எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“முப்பத்தெட்டு வருது மேடம்.”

“அன்னிக்கு நான் தின்னது மணல். இன்னும் பல்லுல நறநறங்குது. உங்க கூட்டை எடுத்து வெச்சிருந்தேன், இப்ப அதுலதான் கிடக்கு. எடுத்துக் குடுங்க, அதையே வெச்சு எழுதிடலாம்.”

கலியபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தூரிகையை நனைத்துக்கொண்டு குனிந்தார்.

ஒன்றை எடுத்தார். திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்தார். போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினொன்று அச்சு அசல் அதே மாதிரி இருந்தன.

டீயில் ஆடை படிந்தது.

“தெரியல மேடம்” என்றார் கடைசியில். “எது என்னோடதுன்னு தெரியல.”

மேடம் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“அப்ப இது இனம்தான். சொல்லுங்க சார், என்ன பேரு?”