ஐந்தரை மணி நேரம்

இந்தக் கதையை எழுதுகிறவனுக்கு இதன்மேல் பல வருடச் சந்தேகம். கணிப்பொறி வரும் இடமெல்லாம் நம்பும்படிதான் இருக்கிறது. மனிதர்கள் வரும் இடம்தான் உதைக்கிறது.

சொன்னவர் சபாநடேசன். நடந்ததும் அவருக்குத்தான்.

*

துணிப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு சபாநடேசன் சொன்னார்:

“அம்மா, ஒண்ணு இந்த ஆசிரமத்துல தனுஷ்கோடி இருக்கணும். இல்ல நான் இருக்கணும். யாருன்னு இன்னைக்கே சொல்லிடுங்க.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆசிரமத்தின் குரு அவர்தான்.

“பையில என்ன?”

“ரெண்டு வேட்டி, ஒரு போர்வை, கண்ணாடி.”

“கண்ணாடி மூக்குல இருக்கே.”

சபாநடேசன் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அப்போ ரெண்டு வேட்டி, ஒரு போர்வை.”

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் ஒரே ஒரு கணிப்பொறி. அதற்குள் இரண்டு இயங்குதளங்கள். கூட்டுறவு வங்கியில் ஓய்வுபெற்று வந்த தனுஷ்கோடி, நன்கொடைக் கணக்குக்கு விண்டோஸைத் திறப்பார். அச்சகத்தை மூடிவிட்டு வந்த சபாநடேசன், மாத இதழ் வேலைக்கு லினக்ஸைத் திறப்பார். பெட்டியை முடுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும். யார் வேண்டும் என்று கேட்கும்.

ஆசிரமத்துக்கு மணி அடிப்பதும் அதே பெட்டிதான், ஒலிபெருக்கி வழியாக. எழுப்புமணி, சாப்பாட்டு மணி, படுக்கை மணி. எது திறந்திருக்கிறதோ அது அடிக்கும். மணி அடித்தால் மறுபேச்சு கிடையாது. அங்கே இருந்த ஒரே விதி அது.

கோளாறும் அங்கேதான். லினக்ஸில் நேரத்தைச் சரியாக வைத்தால் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். விண்டோஸில் சரியாக வைத்தால் லினக்ஸ் ஐந்தரை மணி நேரம் முந்தும். முந்தாநாள் பிற்பகல் மூன்றரைக்குப் படுக்கை மணி அடித்தது. வெயிலில் வடகம் பிழிந்துகொண்டிருந்தவர்கள்கூட, மாவுக் கையைக் கழுவிவிட்டுப் பாயை விரித்தார்கள்.

“வேணும்னே பண்றார் அம்மா. நான் சரி பண்ணி வைக்கிறேன். அவர் வந்து கெடுத்துட்டுப் போறார்.”

“அவர் என்ன சொல்றார்?”

“அதையேதான் சொல்றார். சரி பண்றது அவராம். கெடுக்கறது நானாம்.”

“பேட்டரி தீர்ந்திருக்குமோ?”

“மாத்தியாச்சு. அவர் ஒரு தடவை. நம்பிக்கை இல்லாம நான் ஒரு தடவை.”

அம்மா கீரையைத் தள்ளி வைத்தார்.

“நீங்க ரெண்டு பேரும் திறக்கிறதெல்லாம் எழுந்து வர்றதுக்கு முன்னாடி, அந்தப் பெட்டிக்குள்ள யாராவது இருக்காங்களா?”

“இருக்கு. பயாஸ்னு ஒண்ணு.”

“அவரைக் காட்டுங்க.”

சபாநடேசன் பெட்டியை முடுக்கி ஒரு விசையைத் தட்டினார். நீலத் திரை வந்தது. மூலையில் ஒரு கடிகாரம். விநாடி நகர்ந்துகொண்டிருந்தது.

“இது எந்த ஊர் மணி?”

சபாநடேசன் குனிந்து பார்த்தார். எண்கள் மட்டும் இருந்தன.

“ஊர் போடலையே அம்மா.”

“தப்பா ஓடுதா?”

“ஓட்டம் சரிதான். லினக்ஸ் இதை லண்டன் மணின்னு எடுத்துக்கிட்டு, நமக்காக அஞ்சரை கூட்டிக்கும். விண்டோஸ் இதை நம்ம ஊர் மணின்னே எடுத்துக்கும்.”

“யாரைக் கேட்டு?”

சபாநடேசன் மறுபடி திரையைக் குனிந்து பார்த்தார்.

“சரி பண்ண எத்தனை நாளாகும்?”

“நாளா? ஒரு வரி அம்மா. விண்டோஸ்ல ஒரு வரி மாத்தினா அவரும் லண்டன் கணக்குக்கு வந்துடுவார். ஆறு மாசமாச் சொல்றேன். மாட்டேங்கறார்.”

“உங்க லினக்ஸ்ல?”

சபாநடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதுவும் ஒரு வரிதான்.”

அம்மா பெட்டியை அணைத்தார்.

“கீரை வாடுது” என்று எழுந்து போனார்.

*

சாயங்காலம் சபாநடேசன் லினக்ஸைத் திறந்து உட்கார்ந்தார். ஒரு வரி. கை எழவில்லை.

உலகம் பூராவும் ஒப்புக்கொண்ட நேரம். அதை ஒரு கூட்டுறவு வங்கிக்காரனுக்காக விடுவதா?

அந்த வங்கிக்காரனோடுதான் ஒரே அறை. ஆறு மாதமாக மணிச் சண்டையைத் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் படுக்கும்முன் மின்விசிறியை இவர் பக்கமாகத் திருப்பி வைப்பதை மட்டும் தனுஷ்கோடி நிறுத்தவில்லை.

சபாநடேசன் அந்த வரியை அடித்தார். லினக்ஸ் நம் ஊர் மணிக்கு வந்தது.

யாரிடமும் சொல்லாமல், வாசற்படியில் கிடந்த பையை அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

எழுப்புமணி சரியாக அடித்தது.

காலை ஆறரைக்கு மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது.

எல்லாரும் வந்து இலை போட்டு உட்கார்ந்தார்கள். சமையல்கட்டிலிருந்து பாக்கியம் கரண்டியோடு ஓடி வந்தார்.

“உலையே வைக்கலை! அதுக்குள்ள இலையைப் போட்டுக்கிட்டு உக்காந்தா நான் எங்க போவேன்?”

முதல் இலையில் அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

சபாநடேசன் பையோடு வந்து நின்றார்.

“ஓய் தனுஷ்கோடி! நேத்து சாயங்காலமே லினக்ஸை மாத்திட்டு உம்ம வழிக்கே வந்தாச்சு. அப்பவும் கெடுக்கணுமா?”

தனுஷ்கோடி ஈரத் தலையோடு திரும்பினார். தலையைத் துவட்டிய துண்டு அப்படியே நின்றது.

“மாத்திட்டீரா?”

“மாத்திட்டேன்.”

“அடப்பாவி மனுஷா. விடிகாலையில விண்டோஸைத் திறந்தேன். மணி சரியா இருந்தது. ஆறு மாசத்துல முதல் தடவை. எனக்காக நீரே திருத்தி வச்சிட்டுப் போயிருக்கீர்னு நெனச்சேன். மனசு கேக்கலை.”

“அதனால?”

தனுஷ்கோடி குரலைத் தாழ்த்தினார்.

“நான் லண்டனுக்குப் போயிட்டேன்.”

“யாரு லண்டன் போறது?” என்றார் பாக்கியம்.

சபாநடேசன் பையைக் கீழே வைத்தார்.

“சரி, திரும்பி வாரும்.”

“நான் ஏன் வரணும்? நீர் உம்ம லண்டனுக்கே போம். உலகம் ஒப்புக்கிட்ட நேரம்னு நீர்தானே சொன்னீர்?”

“அப்போ சொன்னேன். இப்போ எனக்கு நம்ம ஊர் மணிதான் பிடிச்சிருக்கு.”

“எனக்கு லண்டன்தான் பிடிச்சிருக்கு.”

“பிடிவாதம் பிடிக்காதீர்!”

“யாரு நானா?”

இருவரும் ஒன்றாக அம்மா பக்கம் திரும்பினார்கள்.

“அம்மா, நீங்களே சொல்லுங்க. யார் திரும்பணும்?”

அம்மா பாக்கியத்தைப் பார்த்தார்.

“பழைய சோறு இருக்கா?”

“இருக்கும்மா. ஆனா மணி ஆறரைதானே ஆகுது?”

“மணி அடிச்சாச்சே. போடு.”

*

சபாநடேசன் எப்போது சொன்னாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு ஆண் தானாக விட்டுக்கொடுத்தான் என்றாலே யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு? எழுதுகிறவனுக்குத் தன்னை வைத்துப் பார்த்தால் நம்ப முடிந்ததில்லை. ஆனாலும் கேட்டதில்லை.

போன மாதம் சபாநடேசன், எழுதுகிறவனின் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல வெயில். தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவர ஆட்டோக்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. காப்பியைக் குடித்து முடித்தவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விடிய விடியத் தூங்கப்போகிறவரைப் போல வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, பாய் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

எழுதுகிறவன் பாயை எடுத்துக் கொடுத்தான். பிறகு கேட்டான்:

“அண்ணே, உங்க ஆசிரமத்துல இப்போ படுக்கை மணி எத்தனை மணிக்கு?”