துரு ஏறாத கோதுமை

இந்தக் கதைக்கு விடை சொல்ல நினைப்பவர்கள் மனிதர்கள் பேசுவதை மட்டும் கேட்டால் போதாது. வயலில் நிற்கும் செடிகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீலகிரியின் மேல் மலையில் ஒரு கோதுமை ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே புது ரகங்களை உருவாக்கும் வேலை எஸ்தர் ராணிக்கு. அந்த மலையில் கோதுமையின் பெரிய எதிரி துரு நோய். பூஞ்சணத்தால் வருவது; குளிரும் பனிமூட்டமும் அதற்குத் தாய்வீடு மாதிரி. இலையைத் தொட்டால் விரலில் செம்மஞ்சள் பொடி ஒட்டும். அதன் பிறகு கதிரில் மணி பிடிக்காது, பதர்தான். தொடர்ந்து பதரையே அறுத்துச் சலித்துப்போன விவசாயிகள், இனிக் கோதுமையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

எஸ்தர் இரண்டு கோதுமைகளை இணைசேர்த்தாள். தாய், பக்கத்து ஊர் போஜன் வீட்டில் காலங்காலமாக விதைத்துவந்த மலைக் கோதுமை. அதற்கும் துரு வரும். ஆனால் அக்கம்பக்கத்துப் பயிரெல்லாம் விழுந்த பிறகு சாவகாசமாக வரும். தந்தை, அவளோடு வேலை பார்த்த முபாரக் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்த குட்டைக் கோதுமை. அதற்குத் துரு சீக்கிரமே வந்துவிடும். ஆனால் புள்ளிகள் கசகசா அளவிலேயே நின்றுவிடும், பொடி அதிகம் உதிராது. இரண்டும் நோயோடு மல்லுக்கட்டிப் பாதி விளைச்சலையாவது காப்பாற்றுபவை.

அவற்றின் பேரப்பிள்ளைத் தலைமுறை முளைத்து நின்றபோது வயல் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பெரும்பாலானவை முன்னோரைப் போலவே அரைகுறையாக நின்றன. சில செடிகள் அந்த இரண்டு கோதுமைகளையும்விட மோசமாகத் துருப்பிடித்து, பக்கத்தில் போனவர் சட்டையெல்லாம் மஞ்சளாக்கின. வேறு சில, இரண்டையும்விடச் சுத்தமாக இருந்தன. எஸ்தர் அந்தச் சுத்தமானவற்றைப் பொறுக்கினாள். போகத்துக்குப் போகம் விதைத்து, கழித்து, மறுபடி விதைத்து ஒரு ரகத்தை நிலைப்படுத்தினாள். துரு கடுமையாகத் தாக்கிய வருஷத்தில் சுற்றுவட்டாரமே கருகிக் கிடக்க, அந்தப் பாத்தி மட்டும் பச்சென்று நின்றது. எஸ்தர் இலைகளைத் தடவித் தடவி விரலைப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. பாத்தி நடுவில் நின்றபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பண்ணைத் தலைவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. துருவைத் தாங்கும் குணத்தை இந்தக் கோதுமைக்குக் கொடுத்தவர் யாரோ, அவரே பெயர் வைக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

போஜன் தன் மகள் மாசியின் பெயரை வைக்க ஆசைப்பட்டார். முபாரக்குக்கு மனைவி நூரின் பெயர். இருவரும் தினமும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். இப்போது போஜன் டீக்கடைக்கு உள்ளேயும் முபாரக் வெளியேயும் நின்று குடித்தார்கள்.

"என் கோதுமை வயித்துல பொறந்த புள்ள அது. பெத்தவளோட குணம் இல்லாம எங்கேர்ந்து வரும்?" என்றார் போஜன்.

தாய்க் கோதுமைக்குத்தான் துரு வருகிறதே, அதனிடம் இல்லாததை அது எப்படிக் கொடுக்கும் என்று முபாரக் கேட்டார். உங்களுடையதற்கு மட்டும் வரவில்லையா என்று போஜன் திருப்பினார்.

இதற்கிடையே மூன்றாவதாக ஞானசிகாமணி வந்து சேர்ந்தார். பண்ணையில் துருவை வளர்ப்பதே அவர் வேலை. ரகங்களைச் சோதிப்பதற்காக நோய்ப்பொடியைச் சேகரித்து, வயல் முழுக்கத் தூவிவிடுவார்.

"நான் நோயைக் கொண்டாந்து விடலைன்னா, இது தாங்குற பயிர்னு யாருக்குத் தெரியும்? அப்ப பேர் வைக்கிறது நான்தானே?" என்றார். அவருக்கு வைக்கப் பெயர்கூட இல்லை, நியாயத்துக்காக நின்றார்.

விதை வழங்கும் நாள் நெருங்கியது. மூட்டைகள் பெயரில்லாமல் அடுக்கிக் கிடந்தன. போஜன் வராவிட்டால் அவர் ஊர்க்காரர்கள் விதை வாங்க வர மாட்டார்கள். வயல் மறுபடி தரிசாகவே கிடக்கும். நீயே தீர்ப்புச் சொல் என்று தலைவர் எஸ்தரிடம் விட்டுவிட்டார். மூன்று பேருமே அவளுக்கு வேண்டியவர்கள். யாரிடமும் எதையும் கேட்காமல் அவள் வயலுக்குப் போனாள். பேரப்பிள்ளைத் தலைமுறையை மறுபடி விதைத்திருந்த பாத்தியில், சுத்தமான செடிகளை அல்ல, ஆக மோசமாகத் துருப்பிடித்த செடிகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

மூவரில் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு? நோயில் விழுந்த அந்தச் செடிகள் எஸ்தருக்கு என்ன சொல்லின?

விடை: இரண்டு கோதுமைகளையும்விட மோசமான வாரிசுகள் பிறந்தன என்றால், இரண்டிடமும் தாங்கும் மரபணுக்கள் இருந்திருக்கின்றன, அவையும் வெவ்வேறானவை என்றுதான் பொருள். எதுவுமே கிடைக்காத பேரப்பிள்ளை நோயில் விழுந்தது. தாய்வழியில் துருவைத் தாமதப்படுத்தும் குணமும், தந்தைவழியில் அதைப் பரவவிடாமல் அடக்கும் குணமும் ஒருசேரக் கிடைத்தது துரு ஏறாமல் நின்றது. ஞானசிகாமணி குணத்தைக் காட்டினார், கொடுக்கவில்லை. ஆகவே உரிமை போஜனுக்கும் முபாரக்குக்கும் சேர்த்துத்தான். எஸ்தர் இதைச் சொன்னதும் ஞானசிகாமணிதான் முதலில் கைதட்டினார். இரண்டு பெயரையும் இணைப்பது என்று முடிவானது. அப்புறம் புதுச் சண்டை: நூர்தான் முதலில் வரவேண்டும் என்று போஜன் பிடிவாதம், மாசிதான் முதலில் என்று முபாரக் பிடிவாதம். விட்டுக்கொடுப்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பாதி மூட்டைகள் நூர்மாசி என்றும் பாதி மாசிநூர் என்றும் ஊர்களுக்குப் போயின. உள்ளே இருந்தது ஒரே கோதுமை.