பானைக்குள் இன்னொரு கை

பறவைகளும் மனிதர்களோடு பேச்சு வைத்திருந்த அந்தக் காலத்தில், மலைமேல் இருந்தவர்கள் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள். சேர்ந்து தின்றால் கண் பட்டுவிடுமாம். ஆளுக்கொரு மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். சாவுக்கு அது வெகு வசதி. பின்னால் வந்து உண்கிற கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

மசணிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புருஷன் சடையன் தேன் எடுக்கப் போனால் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பாள். அவன்மேல் அப்படி ஒரு பைத்தியம். ஒரு நாள் காலையில் இருவாச்சிப் பறவை அவள் கூரைமேல் வந்து உட்கார்ந்தது.

“சாவு என்கிட்ட வழி கேட்டுச்சு, மசணி. உன் புருசன் குடிசை எதுன்னு.”

“நீ சொல்லிட்டியா?”

“கேட்டா சொல்லாம எப்படி? மத்தியானச் சோத்துக்கு வந்துரும். அதுக்கு முகம் தெரியாது. கையப் பாத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும்.”

மசணி அழுதுகொண்டே வீடு வீடாக ஓடி, எல்லாரையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். இதென்ன கூத்து என்று ஊர் சிரித்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து வந்தார்கள். பெரிய பானையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து கையை விட்டார்கள். கேழ்வரகுக் களி அப்பி, யார் கை எதுவென்றே தெரியவில்லை.

அப்போது பானை சில்லிட்டது. உள்ளே இன்னொரு கை இருந்தது. அதில் களி ஒட்டவில்லை. அதற்குப் பின்னால் உடம்பும் இல்லை.

“இதுல சடையன் கை எது?” என்றது ஒரு குரல், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது போல.

யாரும் நிமிரவில்லை. அந்தக் கை ஒவ்வொரு மணிக்கட்டாகத் தடவிக்கொண்டு வந்து, சடையனிடம் நின்றது. மசணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓர் உருண்டைக் களியை எடுத்து அந்தக் குளிர்ந்த உள்ளங்கையில் வைத்தாள்.

“பசியோட வந்திருப்பீங்க. மொதல்ல சாப்பிடுங்க, அண்ணா.”

அந்தக் கை உருண்டையோடு பானையை விட்டு மேலே போனது. பிறகு மெல்லும் சத்தம் கேட்டது.

“எனக்கு இதுவரைக்கும் யாரும் சோறு போட்டதில்ல, தங்கச்சி. உன் புருசன நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? ஒரே பானையில கை வைக்கிறவங்களத் தொட மாட்டேன். தனியா திங்கிறவங்கள விட மாட்டேன்.”

இருவாச்சிக்கு மனசு உறுத்தியது. காடு கடல் தாண்டிப் பறந்து, இறக்கை ஓயும்வரை இந்தச் சேதியைச் சொல்லிக்கொண்டு போனது.

சடையன் கிழவனானான். அதற்கு மேலும் கிழவனானான். கண் போனது. எலும்பெல்லாம் வலித்தது. ஒரு மத்தியானம் தன் பங்கை இலையில் வாங்கிக்கொண்டு எழுந்தான்.

“எங்க போறீங்க? இங்கயே உக்காருங்க,” என்றாள் மசணி.

“போதும் புள்ள. மச்சான் ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்காரு.”

தடவித் தடவிப் பாறைக்கு அந்தப் பக்கம் போனான். மசணி தேம்பித் தேம்பி அழுதாள். ஆனால் கையைப் பானையிலிருந்து எடுக்கவில்லை.

இருவாச்சி சேதி சொன்ன நாளிலிருந்துதான் உலகத்தில் சில மலைகளிலும் சில தீவுகளிலும் சனங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நூறு வயதைத் தாண்டியும் இருக்கிறார்கள். அங்கே ஒரு கிழவரோ கிழவியோ தன் இலையோடு தனியே எழுந்து போனால் யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. கொஞ்சம் நகர்ந்து, அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள்.