பத்து எண்ணிய பிறகு

சண்முகவடிவு டீச்சருக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ள வந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று பள்ளிக்கூட நூலக அறையில், அவர் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தை டீச்சர் ஒரு முறை படித்தார். நான்காகக் கிழித்தார். குப்பைக் கூடையில் போட்டார்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கடிதம். கோமதிநாயகத்துக்குக் காது வரை சூடேறியது.

விஷயம் இதுதான். போன வருஷம் அவர் சிறுவர்களுக்காக ஒரு நாவல் எழுதினார், 'பயத்தை வென்ற பார்கவி'. பார்கவி எட்டாம் வகுப்பு. பரீட்சை என்றால் கை வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கடைசி அத்தியாயத்தில் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டுப் பத்து வரை எண்ணுவாள். பத்தில் பயம் பறந்துவிடும். அப்புறம் மேடை, பரிசு, கைதட்டல். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, கொடுத்த காபி ஆறும் வரை அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார்.

அந்தப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்த ஜெபசெல்வி என்ற எட்டாம் வகுப்புப் பெண், உள்ளே ஒரு தாளை மடித்து வைத்திருந்தாள்.

'சார், நானும் பரீட்சை ஹால் வாசலில் நின்று எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். போகவில்லை. பார்கவிக்குப் போனது எனக்கு ஏன் போகவில்லை? என்னிடம்தான் ஏதாவது கோளாறா?'

அன்று அவள் ஹாலுக்குள் போகவே இல்லை. மறுநாள் வந்து புத்தகத்தை வைத்துவிட்டுப் போனவள், ஆறு நாளாகப் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை. அந்த ஞாயிறு சாயங்காலம் டீச்சர் அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தார். கையோடு கொண்டுபோகத்தான் அவர் எழுதிய அந்தப் பதில் கடிதம்.

"எதுக்குக் கிழிச்சிய?" என்றார் கோமதிநாயகம்.

"என்ன எழுதியிருந்திய அண்ணாச்சி? வாயால சொல்லுங்க."

"நீ முழு மனசோட எண்ணலை, அடுத்த தடவை நம்பிக்கையா எண்ணு, போயிரும்னு எழுதியிருந்தேன். என்ன தப்பு?"

"தப்பு அந்தப் பிள்ளை மேலன்னு எழுதியிருந்திய."

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்னிய?"

டீச்சரின் குரல் உயரவில்லை. ஆனால் அவருக்கும் கோபம்தான். ஆறு நாளாக அந்தப் பெண்ணின் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்திய கோபம்.

கோமதிநாயகம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"என் வயசுக்கு மரியாதை வேண்டாம், எழுத்துக்காவது வேண்டாமா? எத்தனை பிள்ளைய படிச்சிருக்கு! யாரோ ஒருத்தி சொல்லிட்டான்னு..."

"பத்து எண்ணுங்க."

"என்னது?"

"கண்ணை மூடி, பார்கவி எண்ணுன மாதிரி எண்ணுங்க. கோவம் போயிரும்."

கேலியா என்று பார்த்தார். முகத்தில் கேலி இல்லை. சரி, எண்ணித்தான் தொலைப்போமே என்று நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஒன்று. இரண்டு. மூன்றில் தாள் கிழிந்த சத்தம் திரும்பவும் கேட்டது. ஐந்தில் பல்லைக் கடித்தார். ஏழில், இந்த வயசில் நம்மை எண்ணவும் வைத்துவிட்டாளே என்று கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது. எட்டு. ஒன்பது. பத்து.

"போச்சா?"

"போகலை! கூடியிருக்கு!"

"முழு மனசோட எண்ணியிருக்க மாட்டிய."

கோமதிநாயகம் குப்பைக் கூடையைப் பார்த்தார். அதில் கிடந்தது அவர் எழுதிய அதே வரி.

"இதுக்கு முன்னால எப்பவாவது எண்ணிப் பாத்திருக்கியளா அண்ணாச்சி?"

"இல்லை" என்றார் அவர். "எங்கேயோ படிச்சேன். கதைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தான் ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்காததை நம்பி, ஒரு பிள்ளை ஹால் வாசலில் நின்று மூன்று தடவை எண்ணியிருக்கிறாள். டீச்சர் மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் தன் மேல் வந்தது அதைவிடப் பெரிதாக இருந்தது.

டீச்சர் எதிரே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். கோமதிநாயகம் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"அவளுக்கு நான் என்னத்த எழுத? பயம் போகாதுன்னா?"

"உங்க கோவம் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. அது போகாமலேதான ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்திருக்கோம்? பயம் போகாமலேயும் ஹால்ல உக்காரலாம்னு எழுதுங்க."